காட்டுத்தீ நெருங்கினால் எப்போது கிளம்புவது? புதிதாக வந்தவர்களுக்குச் சில விஷயங்கள்

கலிஃபோர்னியா, கனடாவின் மேற்குப் பகுதி, ஆஸ்திரேலியா என்று புதிதாகக் குடிவருகிற நம் ஆட்கள் வீடு பார்க்கும்போது பள்ளிக்கூடம் எப்படி, ஆபீஸ் எவ்வளவு தூரம், வாடகை கட்டுப்படியாகுமா என்று அலசி ஆராய்ந்துவிடுவார்கள். மலையடிவாரத்தில் மரங்களுக்கு நடுவே வீடு அமைந்துவிட்டால் இன்னும் சந்தோஷம். அந்தக் குடியிருப்பிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர எத்தனை வழி இருக்கிறது என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கோடை முற்றி, காற்று வறண்டு, புகை வாசம் அடிக்கும்போதுதான் குரூப்பில் கேள்விகள் குவியும். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் இருப்பது கலிஃபோர்னியாவில், எனவே இங்குள்ள விவரங்களே அதிகம் இருக்கும்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். "ஆர்டர்" வரட்டும், அப்புறம் கிளம்பலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். நம்மைப் போன்ற வீடுகளுக்கு "வார்னிங்" வந்தாலே கிளம்பும் நேரம்தான்.

இங்கே இரண்டு கட்டங்கள். எவாக்குவேஷன் வார்னிங் வந்தால் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து வரக்கூடும், தயாராகுங்கள் என்கிறார்கள். எவாக்குவேஷன் ஆர்டர் வந்தால் ஆபத்து வந்தேவிட்டது, உடனே போயாக வேண்டும். சட்டப்படி அந்தப் பகுதியை மூடிவிடுவார்கள். பலர் கவனிக்காத ஒரு வரி வார்னிங்கின் விளக்கத்திலேயே இருக்கிறது. கிளம்புவதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படுபவர்களும், செல்லப்பிராணியோ கால்நடையோ வைத்திருப்பவர்களும் இப்போதே புறப்பட வேண்டும் என்பதுதான் அது. வீட்டில் ஒரே கார். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் ஆபீஸில். சில மாதங்கள் தங்க வந்திருக்கும் அப்பா அம்மா, ஒரு கைக்குழந்தை. பக்கத்து ஊரில் போய்த் தங்குவதற்கு உறவென்று யாரும் கிடையாது. கூடுதல் நேரம் தேவைப்படுபவர்கள் நாம் இல்லாமல் வேறு யார்? எதிர்வீட்டுக்காரர் நிதானமாகச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கலாம். அவருக்கு அந்த ரோடெல்லாம் அத்துப்படி, வாசலில் இரண்டு வண்டி நிற்கிறது. அவரைப் பார்த்து நாம் முடிவெடுக்கக் கூடாது.

ரெட் ஃப்ளாக் வார்னிங் வேறு. அது தேசிய வானிலைச் சேவை விடுவது. காற்றும் வறட்சியும் சேர்ந்து, தீ பிடித்தால் வேகமாகப் பரவும் என்பதற்கான எச்சரிக்கை மட்டுமே. அன்று யாரும் ஓட வேண்டியதில்லை. வண்டியில் பெட்ரோல் போட்டு, போனையெல்லாம் சார்ஜ் ஏற்றி வைத்தால் போதும். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். பலத்த காற்று வீசும் நாட்களில் மின்கம்பியால் தீ பிடிக்காமல் இருக்க மின்சார நிறுவனமே கரண்டை நிறுத்திவிடுவதுண்டு. ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இருக்காது.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் இருப்பவர்களுக்கு அலர்ட், ஆர்டர், ரெசிண்ட் என்று வரும். அலர்ட் இங்கத்திய வார்னிங் போல. ரெசிண்ட் வந்தால் திரும்பலாம். ஆஸ்திரேலியாவில் அட்வைஸ், வாட்ச் அண்ட் ஆக்ட், எமர்ஜென்சி வார்னிங் என்று மூன்று படிகள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, மெல்பர்ன், சிட்னி நண்பர்கள் இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். உச்சகட்டமான எமர்ஜென்சி வார்னிங் வரும்போது, "இனி வெளியேறுவது ஆபத்து, உள்ளேயே பதுங்குங்கள்" என்றே சொல்லப்படலாம். கடைசிப் படி வரை காத்திருந்தால் போகிற வழியே அடைபட்டிருக்கும். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 பேர் இறந்த பிறகு, சீக்கிரம் கிளம்புவதுதான் ஆகப் பாதுகாப்பானது என்பதை அங்கே அழுத்திச் சொல்கிறார்கள். தீ அபாய அளவு "கேட்டஸ்ட்ரோஃபிக்" என்று அறிவிக்கப்படும் நாளில், தீயே பிடிக்காவிட்டாலும் முந்தின இரவோ அதிகாலையிலோ காட்டுப் பகுதியை விட்டுப் போய்விடச் சொல்கிறார்கள்.

ரோடு விஷயத்துக்கு வருகிறேன். 2018 நவம்பர் 8 அன்று வட கலிஃபோர்னியாவில் காலை 6.30 மணி வாக்கில் பற்றிய தீ, 8 மணி வாக்கில் பாரடைஸ் என்ற ஊரைத் தொட்டுவிட்டது. மலைமேட்டில் உள்ள ஊர். கீழே இறங்கும் சாலைகள் சில மட்டுமே. எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுத்ததில் சாலையே நின்றுபோனது. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். 2016 மே மாதம் ஆல்பர்ட்டாவின் ஃபோர்ட் மெக்மரியில் சுமார் 88,000 பேர் வெளியேறினார்கள். ஊருக்கு இருந்தது ஹைவே 63 ஒன்றுதான். வழியில் பெட்ரோல் தீர்ந்து ஓரமாக நின்ற வண்டிகள் ஏராளம். நெருப்பில் யாரும் இறக்கவில்லை என்பது பெரிய ஆறுதல். ஆக, நம் வீட்டிலிருந்து தீ எத்தனை மைல் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு மட்டும் உதவாது. நமக்கும் ஹைவேக்கும் நடுவில் எத்தனை வண்டிகள் நிற்கப்போகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் தீப்பொறிகள் ஒரு மைலுக்கும் அப்பால் பறந்து போய் விழும். தீச்சுவாலை கண்ணில் படவில்லை என்பதால் தைரியமாக இருக்க முடியாது.

இந்த வார இறுதியிலேயே வீட்டிலிருந்து வெளியே போகும் இரண்டு வழிகளை நீங்களே ஓட்டிப் பாருங்கள். மேப் ஆப்பை நம்பாமல் போகத் தெரிய வேண்டும். எல்லோரும் ஓடிவந்துவிட்ட வெற்றுச் சாலையை "நெரிசல் இல்லை" என்று அது தீப்பக்கமே காட்டிவிடலாம்.

அடுத்தது உங்கள் ஸோன் எண். கலிஃபோர்னியாவில் நிறைய கவுண்டிகள் (நம் மாவட்டம் போல) ஜெனசிஸ் புரொடெக்ட் என்ற தளத்தில் ஊரை ஸோன்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. முகவரியைப் போட்டால் எண் வரும். அதை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அறிவிப்பில் பெரும்பாலும் தெருப் பெயர் வராது, ஸோன் எண்தான் வரும். 2025 ஜனவரி 9 அன்று, ஒரு பகுதிக்கு மட்டும் போக வேண்டிய வெளியேற்ற அறிவிப்பு தவறுதலாக லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி முழுவதற்கும் போய்விட்டது. தன் ஸோன் எண் தெரிந்திருந்தால் இப்படிப்பட்ட நேரத்தில் சரிபார்ப்பது சுலபம். தெரியாவிட்டால் திண்டாட்டம்.

கவுண்டியின் எச்சரிக்கைப் பட்டியலில் நாமேதான் பதிவு செய்துகொள்ள வேண்டும். சான்டா கிளாராவுக்கு அலர்ட் எஸ்சிசி, அலமீடாவுக்கு ஏசி அலர்ட் என்று ஒவ்வொரு கவுண்டிக்கும் தனித்தனி. விக்டோரியாவில் விக்எமர்ஜென்சி ஆப், நியூ சவுத் வேல்ஸில் ஹசார்ட்ஸ் நியர் மீ. அமெரிக்காவில் வாட்ச் ட்யூட்டி என்ற இலவச ஆப்பும் நன்றாக இருக்கிறது. ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது, தீ எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வரைபடத்தில் பார்க்கலாம். பதிவில்லாமலே போனில் வந்து அலறும் அரசு அறிவிப்பும் உண்டு. ஆனால் நடு ராத்திரி ஆம்பர் அலர்ட் (குழந்தை கடத்தப்பட்டால் வரும் அறிவிப்பு) கத்தியதில் கடுப்பாகி, செட்டிங்ஸில் மொத்தத்தையும் அணைத்து வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஐபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் அடியில் இருக்கும், போய்ப் பாருங்கள். ஆம்பரை வேண்டுமானால் அணையுங்கள், எமர்ஜென்சியை அணைக்காதீர்கள்.

வீட்டில் பகலில் இருக்கும் பெரியவர்களுக்கு ஆங்கில மெசேஜ் புரியாமல் போகலாம். கலிஃபோர்னியாவில் போலீஸ் வண்டிகள் வெளியேறச் சொல்லும்போது ஹை-லோ என்கிற, மேலும் கீழும் மாறி மாறி ஒலிக்கும் சைரனைப் பயன்படுத்துகின்றன. வழக்கமான சைரனிலிருந்து அது வேறாகத் தெரியும். யூட்யூபில் ஒருமுறை போட்டுக் காட்டி, "இந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் போன் பண்ணுங்கள், நான் எடுக்கவில்லையென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்" என்று சொல்லி வையுங்கள். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்க வேண்டும், இல்லையா? ஒரே கார் உள்ள குடும்பங்கள் வெட்கப்படாமல் இப்போதே கேட்டு வையுங்கள். "அவசரம் என்றால் என் அம்மாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொள்வீர்களா" என்று கேட்டால் மாட்டேன் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் ஊபர் வரும் என்று நம்ப வேண்டாம்.

பள்ளியிலும் ஒரு வேலை இருக்கிறது. வருஷ ஆரம்பத்தில் நிரப்பும் எமர்ஜென்சி கார்டில், பெற்றோர் தவிர வேறு யார் குழந்தையைக் கூட்டிப்போகலாம் என்ற கட்டத்தைப் புதிதாக வந்தவர்கள் காலியாக விட்டுவிடுகிறோம், யாரையும் தெரியாது என்பதால். அதில் பெயர் இல்லாதவரிடம் பள்ளி குழந்தையை அனுப்பாது. பள்ளிக்கு அருகே வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் பெயரையாவது அவரிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.

எதை எடுத்துப்போவது என்பதற்குப் பட்டியல்கள் நிறைய கிடைக்கும். துணிமணி, தண்ணீர், என்95 மாஸ்க் எல்லாம் அதில் இருக்கும். அவற்றில் இல்லாதது நம் காகிதங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு லைசென்ஸ் எரிந்துபோனால் ஒரு வாரத் தலைவலி. நமக்கு எச்1பி அப்ரூவல் நோட்டீஸ், மாணவர்களுக்கு டிராவல் கையெழுத்துள்ள ஐ-20, பிறந்த நாட்டில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், டிகிரி என்று ஒவ்வொன்றும் தனித்தனி அலைச்சல். பாஸ்போர்ட் எல்லோருடையதும், வந்திருக்கும் பெற்றோருடையதும் சேர்த்து, ஒரே ஜிப் பையில் இருக்கட்டும். பீரோவில் ஒன்று, ஆபீஸ் பையில் ஒன்று என்று சிதறிக் கிடக்கக் கூடாது. ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) பற்றிக் கவலை வேண்டாம், இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கிளவுடிலும் போட்டு வையுங்கள். பெற்றோர் கையோடு கொண்டுவந்த மாத்திரைகளும் அதே பையில் போகட்டும். அந்தப் பிராண்ட் இங்கே கிடைக்காது, மருந்துச் சீட்டு இல்லாமல் தரவும் மாட்டார்கள். ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் போட்டோ எடுத்துவைத்தால் மூலப்பெயர் பார்த்து இங்குள்ள டாக்டர் எழுதித் தருவார்.

கிளம்பும்போது ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்துங்கள், தீப்பொறி உள்ளே போகக்கூடாது. ஆனால் பூட்ட வேண்டாம் என்றே தீயணைப்புத் துறை சொல்கிறது, வீரர்கள் உள்ளே நுழைய வேண்டியிருக்கலாம். நம் மனசு கேட்காது, தெரியும். விளக்குகள் எரியட்டும், புகைக்குள் வீடு இருப்பது தெரியும். வாசல் மிதியடி, பிளாஸ்டிக் நாற்காலி போன்றவற்றைச் சுவரை விட்டு அகற்றுங்கள். தோட்டத்து ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள். தீயணைப்புக்கு வேண்டிய தண்ணீர் அழுத்தம் குறைந்துவிடும்.

அப்புறம் கராஜ். கரண்ட் போனால் அந்தக் கதவு பட்டனுக்குத் திறக்காது, காரும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். 2017-இல் வட கலிஃபோர்னியாவில் பற்றிய தீயில் இப்படிச் சிக்கியவர்கள் இருந்ததால்தான், 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் விற்கும் கராஜ் மோட்டார்களில் பேட்டரி கட்டாயமானது. வாடகை வீட்டில் இருப்பது பெரும்பாலும் பழைய மோட்டார். கூரையில் ஓடும் தண்டவாளத்திலிருந்து சிவப்புக் கைப்பிடியோடு ஒரு கயிறு தொங்கும். கதவு மூடியிருக்கும்போது அதைப் பிடித்து இழுத்தால் டக்கென்று கொக்கி விடும், பிறகு கதவைக் கையால் தூக்கலாம். கனமாகத்தான் இருக்கும். வீட்டில் ஓட்டத் தெரிந்த எல்லோரும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். எச்சரிக்கை நாளில் காரை ரிவர்ஸில், முகப்பு தெருவைப் பார்த்தபடி வெளியே நிறுத்திவைப்பது இன்னும் நல்லது.

கேள்வி வந்ததால் இதையும் சேர்க்கிறேன்: வாடகை வீடுதானே, இன்ஷூரன்ஸ் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள மாட்டாரா? கட்டடத்துக்குப் பார்த்துக்கொள்வார். உங்கள் லேப்டாப், கட்டில், நகை எதற்கும் அது வராது. ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும், அதில் "லாஸ் ஆஃப் யூஸ்" பகுதி இருந்தால் வெளியே தங்கும் செலவுக்கும் வழியுண்டு. ஹோட்டல், சாப்பாடு, பெட்ரோல் ரசீதை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு அறையையும் அலமாரியைத் திறந்து காட்டி ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், க்ளெய்ம் நேரத்தில் அதற்கு ஈடில்லை.

இன்னொருவர், விசாவில் இருப்பவர்கள் ஷெல்டருக்குப் போகலாமா என்று தயங்கிக் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். செஞ்சிலுவைச் சங்க ஷெல்டர்களில் குடியுரிமை கேட்பதில்லை.

திரும்புவது ஆர்டர் விலக்கப்பட்ட பிறகுதான். சாம்பலைக் குழந்தைகள் தொடக்கூடாது. கேஸை நீங்களே மூடியிருந்தால் நீங்களே திறக்காதீர்கள், நிறுவனத்து ஆள் வந்து பார்த்துத்தான் திறக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் பற்றிய அறிவிப்பை வாசிக்காமல் குடிக்க வேண்டாம். பாரடைஸ் தீக்குப் பிறகு குடிநீர்க் குழாய்களில் பென்சீன் கலந்திருந்தது. அது கொதிக்க வைத்தால் சரியாகிற சமாசாரம் அல்ல.

வீடே போய்விட்டால், ஃபெமாவின் (மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு) பண உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான், எச்1பி அதில் வராது. ஆனால் இங்கே பிறந்த குழந்தை வீட்டில் இருந்தால், அதன் சார்பாகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அதற்குக் குழந்தையின் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். புது முகவரிக்கு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 (குடிவரவுத் துறைக்கு முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம்) போட வேண்டும் என்பது தீயில் வீடிழந்தவர்களுக்கும் பொருந்தும். ஆன்லைனில் சில நிமிட வேலைதான்.