டேங்க் லெவல் கன்ட்ரோலர்: பிசிபி போடலாமா, இன்னொரு சுற்று பார்க்கணுமா?

ரிலே26:
தண்ணீர் டேங்க் மட்டம் பார்த்து மோட்டாரைப் போட்டு அணைக்க ஒரு கன்ட்ரோலர் செய்கிறேன். ஈஎஸ்பி32 (மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சார் (எதிரொலியை வைத்துத் தூரம் அளப்பது), 5 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாட்யூல். மேசையில் அளவு கச்சிதம். 1,000 லிட்டர் டேங்கில் மாட்டினால் மதியம் மட்டம் 3 செ.மீ. கூடுதலாகக் காட்டுகிறது. நிரம்பும் நேரத்தில் கன்னாபின்னாவென்று எண்கள். 1 எச்பி மோட்டார் கிளம்பும்போது போர்டு ரீசெட். பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) ஆர்டர் கொடுத்துவிடலாமா?

செம்புக்கம்பி:
வேண்டாம் சார். மூன்று கோளாறுக்கும் காரணம் வெவ்வேறு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எதனால் சரியானது என்று பிடிபடாது. ஒரு சுற்றுக்கு ஒரே மாற்றம். அது தேறியதா என்று சொல்ல ஒரு எண்ணை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

முதல் சுற்றில் அளவை மட்டும் பாருங்கள், மோட்டார் பக்கம் போகவே வேண்டாம். ஒலியின் வேகம் 25 டிகிரியில் நொடிக்கு சுமார் 346 மீட்டர், 45 டிகிரியில் 358. எதிரொலி சீக்கிரம் திரும்புவதால் 1 மீட்டர் தூரத்துக்கு மூன்றரை செ.மீ. வரை குறைத்துக் காட்டும், மட்டம் ஏறியதுபோல் தெரியும். டேங்க் மூடிக்குள் ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் வையுங்கள் (டேட்டா லைனுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோஓம் ரெசிஸ்டர்). 331.3 + 0.606 × வெப்பநிலை என்று வேகத்தைக் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு, ஏழு நாள். காலை, மதியம், இரவு டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் 1 செ.மீ.க்குள் வந்தால் தேறியது.

நிரம்பும்போது குழம்புவது வேறு விஷயம். இந்த சென்சாருக்கு முதல் 20–25 செ.மீ. குருட்டுப் பகுதி. நிரம்பிய மட்டத்திலிருந்து 25 செ.மீ.க்கு மேலே சென்சாரின் முகம் இருக்க வேண்டும். அதை புரோகிராம் கோடால் திருத்தவே முடியாது. அலையடிப்பதற்கு ஐந்து அளவு எடுத்து நடுமதிப்பை மட்டும் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் 60 மில்லிசெகண்ட் இடைவெளி. சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் தரும், 1 கிலோஓம்–2 கிலோஓம் டிவைடர் (வோல்டேஜைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஜோடி) இல்லாமல் ஈஎஸ்பி32இல் கொடுக்காதீர்கள்.

மோட்டார்பெட்டி:
ரீசெட்டுக்குத் தனிச் சுற்று. மோட்டாருக்குப் பதில் 60 வாட் குண்டு பல்பு மாட்டி ரிலேயை 200 முறை போட்டு அணையுங்கள். பல்பிலும் ரீசெட் ஆனால் 5 வோல்ட் சப்ளை இறங்குகிறது: நல்ல அடாப்டர், போர்டு அருகே 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். சீரியல் மானிட்டரில் பிரவுன்அவுட் (வோல்டேஜ் இறங்கிவிட்டது) என்று வந்தால் அதுவேதான். பல்பில் வராமல் மோட்டாரில் மட்டும் வந்தால் அந்தப் பக்கத்து மின் இரைச்சல்.

10 ஆம்பியர் ரிலேயில் 1 எச்பி மோட்டாரை நேராக ஓட்டாதீர்கள். கிளம்பும் கரன்ட் ஓடும் கரன்ட்டைப் போலப் பல மடங்கு. கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது, டேங்க் வழியும். ரிலே, கான்டாக்டரின் (பெரிய கரன்ட்டைத் தாங்கும் சுவிட்ச்) காயிலுக்கு மட்டும் கரன்ட் கொடுக்கட்டும்; மோட்டாரை கான்டாக்டர் போடட்டும். காயிலுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஸ்னப்பர் (மின் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர்-கபாசிட்டர் ஜோடி; கபாசிட்டர் எக்ஸ்2 வகை). மெயின்ஸ் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ரிலே26:
ரிலே ஈஎஸ்பி32இன் ஜிபிஐஓ 12 பின்னில் இருக்கிறது. மாற்றணுமா?

செம்புக்கம்பி:
மாற்றுங்கள். போர்டு பூட் ஆகும்போது ஃபிளாஷ் மெமரியின் வோல்டேஜைத் தீர்மானிக்கும் பின் 12. 25, 26, 27இல் ஒன்றை எடுங்கள். கோடில் மோட்டாருக்கு அதிகபட்ச ஓட்ட நேரமும், டேங்கில் தனி ஃப்ளோட் (மிதவை) சுவிட்சும் கட்டாயம். சென்சார் பொய் சொன்னாலும் ஃப்ளோட் கான்டாக்டர் காயிலைத் துண்டிக்கும். இவ்வளவும் இரண்டு வாரம் தொடர்ந்து ஓடிய பிறகு பிசிபி ஆர்டர் கொடுங்கள்.