அறுபது வருஷம் உழைத்த மிதவைக் கப்பல்கள்: நேரில் பார்த்தவர்கள் பகிருங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள மானிஸ்டீ பக்கம் போனால் 'அக்கேஷியா'வைப் பார்க்காமல் வராதீர்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 180 அடிக் கப்பல். கப்பல்களுக்கு வழி காட்டும் மிதவைகளைப் போடுவது, எடுப்பது, பழுது பார்ப்பதுதான் அதன் பிழைப்பு. 1944-இல் பணிக்கு வந்து 2006 ஜூனில் ஓய்வு பெற்றது. இந்த வகையில் கட்டிய 39 கப்பல்களில் கடைசிவரை பணியில் இருந்தது இதுதான். ஒன்றைத் தவிர எல்லாமே மின்னசோட்டாவின் டுலூத்தில் கட்டியவை.

முன்பக்க டெக் தண்ணீருக்கு வெகு அருகில் தாழ்ந்திருக்கும். டன் கணக்கில் எடையுள்ள மிதவையைத் தூக்கி அங்கேதான் கிடத்துவார்கள். பின்னாலேயே சங்கிலி, அதன் நுனியில் மிதவையை நகராமல் பிடிக்கும் கான்கிரீட் கட்டி. ஏரியின் அடியில் உரசும் இடத்தில்தான் சங்கிலி சீக்கிரம் தேயும். அதைப் பார்த்து மாற்ற வேண்டும். ஆடுகிற கப்பலில் இதைச் செய்தவர்களுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் தகும்!

---

நான் பார்த்தது 'சன்டியூ', டுலூத்தில் காட்சிக்கு நின்றபோது. அதுவும் 1944-இல் வந்து, 2004-இல் ஓய்வு பெற்றது. 1958 நவம்பரில் மிச்சிகன் ஏரியில் 'கார்ல் டி. பிராட்லி' என்ற சரக்குக் கப்பல் புயலில் உடைந்து 33 பேர் இறந்தார்கள். பிழைத்த இருவரையும் மறுநாள் காலை மீட்டது இந்த மிதவைக் கப்பல்தான். பெரிய போர்க்கப்பல்களுக்குக் கிடைக்கும் பெயர் இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

ஏரியில் நன்னீர் என்பதால் துரு குறைவு, அதனால்தான் இவ்வளவு ஆயுள் என்பார்கள். பாதிதான் சரி. உப்புக் கடலிலும் இதன் உடன்பிறப்புகள் ஐம்பது வருஷம் தாண்டி உழைத்திருக்கின்றன. பனிக்கட்டியை உடைக்கவும் தாங்கும்படி கட்டிய உடம்பு, பணிக்காலத்தின் நடுவில் பிரித்துச் செய்த பெரிய புதுப்பிப்பு, இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

---

சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன் நான். டுலூத்தில் 'ஆல்டர்' மிதவை வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். சன்டியூவுக்குப் பதிலாக வந்த 225 அடிக் கப்பல். கணினியே அதை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தும். பழைய 180 அடிக் கப்பல்களில் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கேப்டன்தான் நிறுத்தியாக வேண்டும். அந்தக் காலத்து ஆட்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

---

மானிஸ்டீ போகிறவர்களுக்கு: கோடையில் போங்கள். பக்கத்திலேயே 1931-இல் கட்டிய 'சிட்டி ஆஃப் மில்வாக்கி' என்ற ரயில் பெட்டி ஏற்றும் கப்பலும் நிற்கிறது. எஞ்சின் அறைக்கு இறங்கும் ஏணி செங்குத்து; முட்டி வலி உள்ளவர்கள் டெக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.