ஸ்க்ரோல் சா பிளேடு உடைஞ்சுகிட்டே இருக்கு, யாராவது உதவுங்க (அவசரம்)

ரிட்டயர்ட்63:
வணக்கம். ரிட்டயர் ஆயிட்டு வீட்ல சும்மா உக்கார முடியலன்னு போன மாசம் ஒரு ஸ்க்ரோல் சா (மெலிசு பிளேடு மேலயும் கீழயும் ஓடி மரத்த வளைவா அறுக்கற மெஷின்) வாங்கினேன், பேத்திக்கு யானை செஞ்சு தரேன்னு வாய விட்டுட்டேன், இப்ப என்னடான்னா பிளேடு டப்பு டப்புன்னு உடையுது, இன்னிக்கு காலைல மட்டும் 7 போச்சு. உடையாம இருக்கறப்பவும் கோட்டுல நிக்க மாட்டேங்குது, வலது பக்கமாவே ஓடுது. மெஷின் கோளாறா? திருப்பி குடுத்துடலாமா? ஞாயித்துக்கிழமை பொறந்தநாள்.

உப்புத்தாள்:
சார், என்ன மரம், எவ்ளோ தடிமன், பிளேடு என்ன நம்பர், முனைல பின் வச்சதா இல்லாததா, உடையறது நடுவுலயா கிளாம்ப் பக்கத்துலயா? இதுல ஒண்ணு கூட சொல்லாம கேட்டா நாங்க ஜோசியம்தான் பாக்கணும்.

முறுக்காணி:
டென்ஷன். கண்ண மூடிட்டு சொல்றேன் டென்ஷன்தான், அதாவது பிளேடோட இறுக்கம். பிளேட மாட்டிட்டு விரலால சுண்டி பாருங்க, வீணைத் தந்தி மாதிரி கணீர்னு கேக்கணும், பொத்துன்னு கேட்டா லூசு. லூசா இருந்தா பிளேடு பின்னாடி வளையும், கோடும் தப்பும், உடையவும் செய்யும்.

வேம்பு:
பல்லு கீழ பாத்து இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க. மேல பாத்து இருந்தா மரம் டேபிள்ல டங்கு டங்குன்னு குதிக்கும். கண்ணுக்கு தெரியலன்னா விரல வச்சு மெதுவா மேல இழுங்க, பல்லு கீழ பாத்துதுன்னா மாட்டும். நானும் மொத நாள் தலைகீழாதான் மாட்டினேன்.

பழையஇழைப்புளி:
இந்த கேள்விக்கு இதுவரைக்கும் நூறு தடவ பதில் எழுதியாச்சு. தேடிப் பாக்கற பொறுமை கூட இல்லாதவங்க எதுக்கு மர வேலைக்கு வராங்கன்னு தெரியல. மொதல்ல ஆறு மாசம் கை ரம்பத்துல வளைவு அறுத்து பழகுங்க, அப்புறம் மெஷின தொடலாம். அந்த வயசுல கை நடுங்கறப்ப மெஷின் எல்லாம் வேண்டாத வேலை.

உப்புத்தாள்:
இழைப்புளி ஐயா, நான் ஆரம்பிச்சது 67 வயசுல. விரல் முட்டி வலி இருக்கறதால கை ரம்பம் என்னால பத்து நிமிஷம் பிடிக்க முடியாது, அதனாலதான் மெஷினே வாங்கினேன். இருக்கற ரம்பத்துலயே பயம் கம்மியானது இதுதான். கால் சுவிட்ச் ஒண்ணு போட்டுகிட்டேன், ரெண்டு கையும் மரத்து மேலயே இருக்கும், அவசரத்துக்கு கால எடுத்தா நின்னுடும். லென்ஸ் வச்ச விளக்கு ஒண்ணு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு விரல மடக்கி நீட்டிக்குவேன், இல்லன்னா அதிர்வுல மரத்துப் போகுது. இதுக்கு மேல என்ன வேணும்?

முறுக்காணி:
அக்கா சூப்பர். ரிட்டயர்ட் சார், டென்ஷன் பாத்தீங்களா?

வேம்பு:
மரம் குதிக்காம டேபிளோட சேத்து அமுக்குற அந்த இரும்பு கால் கழட்டி வச்சிருக்கீங்களா சார்? நான் மொத வாரமே கழட்டிட்டேன், கோடே தெரிய மாட்டேங்குது.

பழையஇழைப்புளி:
பாருங்க, இதத்தான் சொல்றேன். புதுசா வர்றவருக்கு பாதுகாப்பு கால கழட்டுன்னு சொல்லிக் குடுக்கறாங்க. பிளேடு மரத்துல சிக்கி தூக்கிச்சுன்னா தெரியும்.

வேம்பு:
நான் எங்க கழட்டச் சொன்னேன்? கழட்டியிருக்கீங்களான்னு கேட்டேன். படிச்சிட்டு எழுதுங்க. தவிர ரெண்டு விரல பிளேடுக்கு ரெண்டு பக்கமும் வச்சு மரத்த அழுத்திப் பிடிச்சா அதுவே கால் செய்யற வேலைய செய்யும்.

பழையஇழைப்புளி:
விரலயும் இரும்பு காலையும் ஒண்ணா பேசறவங்க கிட்ட எனக்கு பேச்சு இல்ல.

வேம்பு:
பேச்சு இல்லன்னு சொல்லவே ஒரு பதிவு.

ரிட்டயர்ட்63:
மன்னிச்சுக்குங்க, கரண்ட் இல்ல. மரம் தேக்கு, பழைய கதவோட பலகை. ஸ்கேல் வச்சு பாத்தேன் 25 மில்லி. பிளேடு கவர்ல 2/0ன்னு இருக்கு, பின் இல்லாதது. மெலிசா இருந்தா நல்லா வளையும்னு நானே நெனச்சு வாங்கினேன். நடுவுலதான் உடையுது. ஸ்பீடு ஃபுல்ல வச்சிருக்கேன். கால் கழட்டல.

உப்புத்தாள்:
அப்படிப் போடுங்க! மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார், திருப்பி குடுத்துடாதீங்க. 2/0ங்கறது மூணு மில்லி பிளைவுட், வெனீர் மாதிரி மெல்லிசுக்கு. 25 மில்லி தேக்கு அதுக்கு மலை. பல்லு பொடிசா இருக்கறதால தூள வெளிய தள்ள முடியாது, பிளேடு சூடாகும், அதோட தேக்குல மணல் மாதிரி சிலிக்கா இருக்கு, சீக்கிரம் மழுங்கும். மழுங்கினதும் நாம அறியாமலே கைய அழுத்துவோம், பிளேடு வில்லு மாதிரி பின்னாடி வளையும், நடுவுல முறியும். இதவிட தடிமனான 7ம் நம்பர் இல்லன்னா 9ம் நம்பர் பிளேடு போடுங்க, ஸ்பீட பாதிக்கு கொண்டு வாங்க, மரத்த தள்ளாதீங்க, பிளேடு தின்னுகிட்டு வர்ற வேகத்துக்கு விட்டு குடுங்க.

வலது பக்கம் ஓடறது உங்க தப்பு இல்ல. பிளேட செய்யறப்ப ஒரு ஓரத்துல மட்டும் பிசிறு நின்னுடும், அந்த ஓரம் கூர்மையா வெட்டும், அதனால அந்த பக்கம் இழுக்கும். வேஸ்ட் கட்டைல ஒரு நேர் கோடு போட்டு, கட்டைய கொஞ்சம் கொஞ்சமா திருப்பி எந்த கோணத்துல கோட்ட விட்டு விலகாம போகுதுன்னு பாருங்க. அந்த கோணத்த கைக்கு பழக்கிக்கங்க. கட்டை மேல ட்ரான்ஸ்பரண்ட் டேப் ஒட்டிட்டு அறுத்தா ஓரம் கருகாது.

ஆணிவேர்:
பழைய கதவுன்னா உள்ள ஆணி இருக்கும் சார், காந்தம் வச்சு பாத்துடுங்க.

முறுக்காணி:
எல்லாம் சரி, மெலிசு பிளேடுக்கும் டென்ஷன் கம்மியா இருந்தா இதேதான் நடக்கும்.

பழையஇழைப்புளி:
டேப் ஒட்டி அறுக்கறதெல்லாம் இந்த காலத்து ஃபேஷன். மெழுகு போதும்.

வேம்பு:
பேச்சு இல்லன்னு சொன்னீங்களே.

ரிட்டயர்ட்63:
7ம் நம்பர் போட்டேன். ரெண்டு மட்டும்தான் உடைஞ்சுது. யானை வந்துடுச்சு. இடுக்குல ஆணி ஒண்ணு இருந்துச்சு, காந்தம் காட்டிக் குடுத்துச்சு. தும்பிக்கை மட்டும் கீழ விழுந்து முறிஞ்சிருச்சு, பசை போட்டு கட்டி வச்சிருக்கேன். எல்லாருக்கும் நன்றி.

உப்புத்தாள்:
வாழ்த்துக்கள் சார். தும்பிக்கை நீளத்துக்கு குறுக்கா மர ரேகை ஓடியிருக்கும், அதான் முறிஞ்சிருக்கு. அடுத்த யானைக்கு தும்பிக்கை எந்த பக்கம் நீளுதோ ரேகையும் அதே பக்கம் ஓடற மாதிரி படத்த ஒட்டுங்க. காலுக்கும் வாலுக்கும் ஒரே நேரத்துல ஒத்து வராது, எது மெலிசோ அதுக்கு பாருங்க. ஒரு போட்டோ போடுங்களேன்.

முறுக்காணி:
சார் டென்ஷன் ஏத்தினீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லிட்டு போங்க.

முறுக்காணி:
சார்?