பூநகரிக் கோட்டைச் சுவர் மாதிரியில் வளைகிறது: கோளாறு சுவரிலா, கமராவிலா?

கிளிநொச்சி மாணவி:
வணக்கம். பட்டப்படிப்பு ஆய்வுக்காகப் பூநகரிக் கோட்டையின் வெளிச்சுவர் ஒன்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, மெஷ்ரூம் மென்பொருளில் முப்பரிமாண மாதிரி செய்திருக்கிறேன். சுவரின் நீளம் ஏறத்தாழ 30 மீற்றர். மாதிரியில் அதன் நடுப்பகுதி ஒரு முழத்துக்குக் குறையாமல் பிதுங்கி நிற்கிறது. நேரில் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆனால் கண்ணை மட்டும் நம்பி ஆய்வில் எழுத முடியுமா? போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1770இல் ஒல்லாந்தர் விரிவாக்கினார்கள். வளைவு உண்மையென்றால் இரு காலக் கட்டுமானமும் சந்திப்பது அங்கேதான் என்று வாதிட நினைத்தேன். படங்களைச் சுவருக்கு நேரே நின்று, எட்டு வைத்து எட்டு வைத்து எடுத்தேன். அளவு, தொலைபேசியின் ஜிபிஎஸ் தந்தது.

வவுனியா நில அளவையாளர்:
தங்கச்சி, சுவரின் மேல் இப்போதே பழி போடாதீர்கள். ஒரே தூரத்தில், ஒரே திசையை நோக்கி, வரிசையாக எடுத்த படங்களை மட்டும் கொடுத்தால், கமரா வில்லை படத்தில் உண்டாக்கும் வளைவு எது, சுவரின் வளைவு எது என்று மென்பொருளால் பிரித்தறிய முடியாது. திருத்தப்படாத சிறு பிழை படத்துக்குப் படம் சேர்ந்து, நேரான சுவரை வில்லாக்கிவிடும். தொலைபேசி ஜிபிஎஸ் சில மீற்றர் தவறும்; அதை அளவுகோலாக வைக்கவே கூடாது.

முதலில் நூல் பிடியுங்கள். சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். இரு முனைகளிலும் முக்காலி வைத்து, நைலோன் நூலை இழுத்துக் கட்டி, மீற்றருக்கு ஒருமுறை நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளவுநாடாவால் எழுதுங்கள். பிறகு படம். குவியத்தைப் பூட்டிவிடுங்கள், சூம் வேண்டாம். நேராக எடுப்பதோடு இடமிருந்தும் வலமிருந்தும் சரிவாக எடுங்கள். அடுத்தடுத்த படங்கள் முக்கால் பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். மூலை திரும்பி அடுத்த சுவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோளகக் காற்று அடிக்கும் நேரத்தில் போகாதீர்கள். சுவரில் முளைத்த செடிகள் ஆடினால் படங்கள் பொருந்தாது.

முல்லைத்தீவுத் தம்பி:
இவ்வளவு பாடு எதற்கு? ட்ரோன் விட்டால் பத்து நிமிட வேலை.

வவுனியா நில அளவையாளர்:
தம்பி, ட்ரோனுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடமென்றால் தொல்பொருள் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். பத்து நிமிட வேலைக்கு எத்தனை கடிதம் என்று எண்ணிப் பாருங்கள். அதோடு நேர்கீழாக மட்டும் பார்த்து எடுத்தால் அங்கேயும் இதே வளைவுதான் வரும்.

கட்டடக்கலை வரலாறு கற்பிப்பவர்:
ஒளிப்பட அளவையின் முன்னோடி ஒருவருக்கு அந்த யோசனை வந்ததே பழைய கட்டடம் ஒன்றில்தான். 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் தேவாலயத்தைக் கையால் அளந்துகொண்டிருந்த மெய்டன்பவுவர் என்ற கட்டடக்கலைஞர் விழுந்து சாகாமல் மயிரிழையில் தப்பினார். அதன்பின்தான் படத்திலிருந்து அளவெடுக்கும் யோசனை அவருக்கு வந்தது.

என் கவலை வேறு. வளைவு உண்மையாகவே இருந்தாலும், அது இரு காலக் கட்டுமானத்துக்குச் சான்றாகாது. உள்ளிருக்கும் மண் தள்ளியிருக்கலாம், அத்திவாரம் இறங்கியிருக்கலாம். சான்றைக் கல்லின் இணைப்பில் தேடுங்கள்: வரிசைகள் திடீரென மட்டம் மாறும் இடம், மேலிருந்து கீழாக ஓடும் நேர்ப்பிளவு, சுண்ணாம்புச் சாந்தின் நிறமாற்றம். மாதிரியை மென்மையாக்கும்போது முதலில் அழிவது இவைதான். ஆகவே கிட்டே நின்று எடுத்த படங்களையும் தனியாக வைத்திருங்கள்.

இன்னொன்று. ஒல்லாந்தர் அளந்த ரைன்லாந்துக் கோல் 12 ரைன்லாந்து அடி, அதாவது சுமார் 3.767 மீற்றர். எட்டுக் கோல் 30.1 மீற்றர். உங்கள் 30 மீற்றரைப் பார்த்ததும், சுவரை ஒல்லாந்தர் கோல் கணக்கில் அமைத்தார்களோ என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது! ஆனால் ‘ஏறத்தாழ’ என்ற சொல் நிற்கும்வரை இதை எழுதாதீர்கள்.

கிளிநொச்சி மாணவி:
நூல் பிடித்தோம். சுவரின் நடுப்பகுதி நேராகத்தான் இருக்கிறது. சரிவாக எடுத்த படங்களைச் சேர்த்து, நாடா அளவையும் கொடுத்ததும் மாதிரியில் அந்தப் பிதுக்கம் போய்விட்டது. ஆனால் கொத்தளத்தோடு சேரும் இடத்தில் நான்கு விரல் அளவுக்கு ஒரு தள்ளல் நூலிலும் இருக்கிறது, மாதிரியிலும் இருக்கிறது. அதை ஒட்டி முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வரிசையும் மட்டம் மாறுகிறது.

கட்டடக்கலை வரலாறு கற்பிப்பவர்:
அது பேச வேண்டிய இடம். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, மேகமூட்டமான நேரத்தில் அந்த இணைப்பைக் கிட்டே எடுத்துப் போடுங்கள். சாந்தைச் சுரண்ட வேண்டாம்.