படகு டிரெய்லர் வேகம் கூடினால் ஆடுகிறது: உதவி தேவை

புதுத்துடுப்பு

வணக்கம். குடும்பத்துடன் கூடாரம் அடித்துத் தங்கப் போகும்போது சிறிய மீன்பிடிப் படகு ஒன்றையும் டிரெய்லரில் ஏற்றிக் காரின் பின்னால் இழுத்துச் செல்கிறோம். சற்று வேகம் எடுத்தாலே டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிடுகிறது. இறக்கத்தில் காரின் பின்பகுதியையே அசைத்துவிடுகிறது. பின்னிருக்கையில் குழந்தைகள் இருப்பதால் மனம் பதறுகிறது. வார இறுதியில் மறுபடியும் புறப்படுகிறோம். எதை மாற்றினால் சரியாகும் என்று தெரிந்தவர்கள் விரைந்து சொல்லவும்.

ஏரிப்பாதை

படகின் நீளம் என்ன, அது அலுமினியமா ஃபைபரா, பயணத்தின்போது மோட்டார் பின்பலகையிலேயே மாட்டியிருக்கிறதா, படகுக்குள் வேறு சாமான்களை ஏற்றுகிறீர்களா, எந்த வேகத்தில் ஆட்டம் தொடங்குகிறது ஆகியவற்றில் ஒன்றையும் தாங்கள் குறிப்பிடவில்லை. காலிப் படகுடன் ஓட்டும்போதும் இப்படித்தான் ஆடுகிறதா என்பதையும் சொன்னால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அச்சாணி

முதலில் சக்கரப் பேரிங்கைப் பாருங்கள். டிரெய்லரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இரு கைகளால் பிடித்து அசைத்தால், தேய்ந்த பேரிங் கடகடவென்று ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். படகு டிரெய்லர்களில் இது சீக்கிரமே கெடுவதற்குக் காரணம் உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய ஹப், அதாவது பேரிங் அமர்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி, படகை இறக்கும்போது குளிர்ந்த நீருக்குள் அமிழ்ந்ததும், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அதை முழுவதும் வழித்தெடுத்துப் புதுக் கிரீஸ் அடைக்காமல் புறப்படாதீர்கள்.

கருஞ்சக்கரம்

பேரிங் தேய்ந்தால் இரைச்சல் வரும், ஹப் சூடாகும். இவர் சொல்லும் ஆட்டத்திற்கு நான் டயரைத்தான் சந்தேகிப்பேன். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் டிரெய்லரின் டயரில் காற்று மெல்லக் குறைந்துகொண்டே வரும், ஆனால் பார்வைக்கு அது தெரியாது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் நெளிவதால் டிரெய்லர் எளிதில் பக்கவாட்டில் அலையும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, உற்பத்தியாளர் குறித்துள்ள அழுத்தத்திற்கு ஏற்றுங்கள். பக்கச்சுவரில் வெடிப்புகள் இருந்தால், தடம் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

மூத்த மாலுமி

இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் நான் பதில் எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கும் வழக்கம் புதியவர்களிடம் அறவே இல்லை. கொக்கி எடை என்றால் என்னவென்றே அறியாமல் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் இழுப்பது பொறுப்பற்ற செயல். அடிப்படையைக் கற்றுக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

ஏரிப்பாதை

ஐயா, தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இவர் வார இறுதியில் குழந்தைகளுடன் புறப்படவிருக்கிறார். கொக்கி எடை என்ன என்பதை இரண்டு வரிகளில் சொல்லியிருந்தால் அவருக்கு இன்றே பயன்பட்டிருக்கும்.

புதுத்துடுப்பு

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். அலுமினியப் படகு, 12 அடி. 9.9 குதிரைத்திறன் மோட்டார் பின்பலகையில்தான் இருக்கிறது. 25 லிட்டர் பெட்ரோல் தொட்டியை நிரப்பிப் படகின் பின்பக்கத்தில் வைப்போம். கூடாரம், மடக்கு நாற்காலிகள், பனிப்பெட்டி எல்லாம் படகுக்குள்தான், இறக்க வசதியாகப் பின்பக்கமாக அடுக்குவோம். 75 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஆட்டம். காலிப் படகுடன் ஓட்டிப் பார்த்ததில்லை.

நெம்புகோல்

இப்போது காரணம் தெளிவாகிவிட்டது. எல்லா எடையும் சக்கரங்களுக்குப் பின்னால் குவிந்திருக்கிறது. டிரெய்லர் சாலையில் நேராக ஓட வேண்டுமானால் மொத்த எடையின் ஒரு பங்கு காரின் கொக்கியை அழுத்தியபடி இருக்க வேண்டும். அதுதான் கொக்கி எடை. படகு டிரெய்லர்களுக்கு இது மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஆயினும் தங்கள் காரின் கையேடும் டிரெய்லரின் தகடும் குறிப்பிடும் வரம்பே இறுதியானது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கொக்கிக்கும் டிரெய்லர் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் 40 கிலோ சாமான் வைத்தால் கொக்கி எடையில் 20 கிலோ குறைந்துவிடும். மொத்தமே 350 கிலோ உள்ள டிரெய்லரில் 7 சதவீதம் என்பது சுமார் 25 கிலோதான் என்பதால், அந்த ஒரு மூட்டையே ஏறத்தாழ முழுவதையும் விழுங்கிவிடுகிறது. அதற்குப் பின்னால் பெட்ரோல் வேறு இருக்கிறது. 25 லிட்டர் பெட்ரோல் தொட்டியைச் சேர்க்காமலே 18 கிலோவுக்கு மேல் வரும். 9.9 குதிரைத்திறனுள்ள நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் 40 கிலோ அளவில் இருக்கும். வேகம் கூடக்கூட, பக்கவாட்டு ஆட்டம் தானாக அடங்கும் தன்மை குறைந்துகொண்டே போகும். ஒரு வேகத்திற்குமேல் சிறு காற்றோ சாலைப் பள்ளமோ தொடங்கிவைத்த ஆட்டம் அடங்காமல் வளரும். தங்களுக்கு அந்த எல்லை 75 கிலோமீட்டருக்கு அருகில் இருக்கிறது.

கூடாரத்தையும் பனிப்பெட்டியையும் காருக்குள் ஏற்றுங்கள். இடம் போதாவிட்டால் படகில் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக வைத்துக் கட்டுங்கள். எல்லாவற்றையும் படகின் முன்முனையில் திணித்துவிடவும் கூடாது. கொக்கி எடை அளவுக்கு மீறினால் காரின் பின்பகுதி அமிழ்ந்து முன்சக்கரங்களின் பிடி குறையும். பெட்ரோலை முகாமுக்கு அருகில் நிரப்பிக்கொள்ள முடியுமானால் தொட்டியைக் காலியாகக் கொண்டுசெல்வதே நல்லது. முடிந்தால் மோட்டாரைக் கழற்றி அச்சை ஒட்டிக் கிடத்துங்கள். எந்தப் பக்கமாகக் கிடத்தலாம் என்பது அதன் கையேட்டில் இருக்கும், நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரைத் தவறான பக்கம் கிடத்தினால் எண்ணெய் வேண்டாத இடத்திற்குப் போய்விடும்.

அளப்பது எளிது. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, சமதளத்தில் டிரெய்லரின் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, கொக்கி வழக்கமாக நிற்கும் உயரத்திற்கு ஒரு கட்டையை வெட்டி, வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசின்மேல் அதை நிறுத்தி டிரெய்லரின் முன்முனையை அதன்மேல் இறக்குங்கள். தராசு காட்டும் எண்ணிலிருந்து கட்டையின் எடையைக் கழித்தால் கொக்கி எடை கிடைத்துவிடும்.

மூத்த மாலுமி

நான் ஒரு வரியில் சொன்னதைத்தான் இவர் விரித்து எழுதியிருக்கிறார். இருந்தாலும் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. ஓடும்போது ஆட்டம் தொடங்கிவிட்டால் பிரேக்கை அழுத்தி மிதிக்கக்கூடாது, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் கூடாது, வேகத்தைக் கூட்டி நேராக்கிவிடலாம் என்று ஒருபோதும் எண்ணக்கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, வண்டி தானாக வேகம் குறைய விட வேண்டும்.

மிதவை

இவ்வளவு சிரமம் எதற்கு? குடும்பப் பயணத்திற்குக் காற்றடைக்கும் படகே போதும். மடித்துக் காரின் டிக்கியில் வைத்துவிடலாம், டிரெய்லரும் வேண்டாம், பேரிங்கும் வேண்டாம்.

கருஞ்சக்கரம்

தூண்டில் முள்ளும் கத்தியும் குழந்தைகளும் ஒன்றாக இருக்கும் படகில் காற்றடைத்த சுவரை நம்புவதா? அலுமினியப் படகையே கார் மேற்கூரையில் கட்டிக்கொண்டு போகலாமே.

மிதவை

நல்ல காற்றடைக்கும் படகுகளில் தனித்தனி அறைகள் இருக்கின்றன. ஒன்று பொத்தலானாலும் மற்றவை மிதக்கவைத்துக் கரை சேர்க்கும். கைக்கு அடக்கமான மோட்டாரையும் மாட்டலாம். முள்ளைப் பற்றிய அச்சத்தைப் பயன்படுத்தாதவர்களே பெரிதுபடுத்துகிறார்கள்.

கருஞ்சக்கரம்

பயன்படுத்தியவன் என்ற முறையில்தான் சொல்கிறேன். கரையில் கூர்மையான கல் கிடக்கும் இடங்களில் அதை இழுத்து ஏற்ற முடியாது, எங்கே போனாலும் தூக்கித்தான் ஆக வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். முகாமைப் பிரித்து வீடு திரும்பும் அவசரத்தில் யார் அதை உலர்த்திக்கொண்டிருப்பார்கள்?

நெம்புகோல்

மேற்கூரை யோசனை இவருக்குப் பொருந்தாது. பல கார்களின் மேற்கூரை வரம்பு, கம்பிச்சட்டத்தின் எடையையும் சேர்த்து, 75 கிலோ அளவில்தான் இருக்கிறது. 12 அடி அலுமினியப் படகு பெரும்பாலும் அந்த எடையைத் தனியாகவே தொட்டுவிடும். உலர்த்துவது அலுமினியப் படகுக்கும் கட்டாயம்தான். ஒரு ஏரியின் பாசியையும் சிப்பிக் குஞ்சுகளையும் அடுத்த ஏரிக்குச் சுமந்து செல்வது ஈரப் படகுகளே. வடிகால் அடைப்பானைக் கழற்றி, கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே வேறு நீர்நிலையில் இறக்க வேண்டும். அடைப்பானைக் கழற்றியே வைத்து ஓட்டினால் வழியில் பெய்யும் மழையும் படகுக்குள் தேங்கி எடை கூட்டாது.

அச்சாணி

அந்த அடைப்பானைச் சாவிக்கொத்திலோ கண்ணில் படும் இடத்திலோ மாட்டி வைக்கச் சொல்லுங்கள். மறந்து படகை இறக்குவோர் ஏராளம். பேரிங்கைப் பற்றி நான் சொன்னதை யாருமே கண்டுகொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

புதுத்துடுப்பு

எல்லோருக்கும் நன்றி. சாமான்களைக் காருக்குள் மாற்றி, காலித் தொட்டியுடன் போய் வந்தோம். தராசில் முதலில் 6 கிலோ காட்டியது, மாற்றி அடுக்கிய பின் 27. காலையில் 80 வரை ஓட்டினேன், இறக்கத்திலும் அசைவில்லை. டயரில் காற்றும் குறைவாகத்தான் இருந்தது, ஏற்றிவிட்டேன்.

ஏரிப்பாதை

மகிழ்ச்சி. 6 கிலோவில் இழுத்து வந்தீர்கள் என்பதைப் படிக்கும்போதே நடுங்குகிறது. குழந்தைகளின் உயிர்காப்பு உடைகள் அவரவர் எடைக்குப் பொருந்துகின்றனவா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அச்சாணி

பேரிங்கைத் திறந்து பார்த்தீர்களா? ஓடி நின்றதும் இரண்டு ஹப்களையும் தொட்டுப் பார்த்தால் ஒன்று மற்றொன்றைவிடச் சூடாக இருக்கிறதா?