ஹாமில்டன் 992பி: பாக்கெட்டிலேயே இருக்கட்டுமா, கைக்கு வரட்டுமா?

நீலமுள்:
ஒஹையோவுல ஒரு எஸ்டேட் சேல்ல ஹாமில்டன் 992பி ரயில்வே பாக்கெட் வாட்ச் ஒண்ணு கிடைச்சது. 21 ஜூவல் (உராய்வைக் குறைக்கிற சின்னக் கல்), 16 சைஸ், நேரம் மாத்த லீவர். வெள்ளை டயல்ல ஒரு கீறல் இல்ல, சாவி கொடுத்தா நிக்காம ஓடுது. கேஸ் மட்டும் சுமார். ஓரமெல்லாம் தங்கம் தேஞ்சு அடியில இருக்கிற உலோகம் தெரியுது. பாக்கெட் வாட்ச் வைக்கிற மாதிரி நான் உடுத்துறதும் இல்ல. மெஷினை மட்டும் எடுத்து டைட்டானியம் கேஸ்ல போட்டு, தோல் வார் மாட்டிக் கைல கட்டிக்கலாம்னு பார்க்கிறேன். செஞ்சு தர ஆள் இருக்கு. செய்யலாமா, கூடாதா? காரணத்தோட சொல்லுங்க.

எனாமல்முகம்:
செய்ய வேண்டாம். உங்கள் கையில் இருப்பது உதிரி பாகம் இல்லை, முழு வாட்ச்.

இந்த வாட்ச் இப்படி இருப்பதற்கான காரணம் உங்கள் ஒஹையோவிலேயே இருக்கிறது. 1891 ஏப்ரலில் கிப்டன் என்ற ஊரில் தபால் ரயிலும் பயணிகள் ரயிலும் எதிரெதிராக வந்து மோதின. ஓட்டுநரின் வாட்ச் நான்கு நிமிடம் நின்றுவிட்டு மறுபடி ஓடியதுதான் காரணம் என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. அதன் பிறகு கிளீவ்லாந்து நகைக் கடைக்காரர் வெப் பால் அந்த ரயில்வேயின் நேர ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் உருவான விதிகள் எல்லாவற்றையும் உங்கள் வாட்சிலேயே பார்க்கலாம். மூடி இல்லாத முகம், 12-க்கு நேரே சாவி (திருகும் குமிழ்), தடித்த கறுப்பு எண்கள், குறைந்தது 17 ஜூவல், வாட்சைக் குறைந்தது ஐந்து நிலைகளில் வைத்து நேரச் சரிபார்ப்பு. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. லீவர் வைத்ததும் விதிப்படிதான். சாவியைத் தெரியாமல் இழுத்து நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்காக, முன் வளையத்தைத் திருகிக் கழற்றி அந்தச் சின்ன லீவரை வெளியே இழுத்தால்தான் முள் நகரும்.

கேஸ் தேய்ந்திருக்கிறது என்கிறீர்கள். பின் மூடியைத் திறந்து உள்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊசியால் கீறியது போல எண்களும் எழுத்துகளும் இருக்கும். ஒவ்வொரு முறை பழுது பார்த்தபோதும் மெக்கானிக் போட்ட குறி அது. அமெரிக்க ரயில்வே ஊழியர் சொந்தக் காசில் வாட்ச் வாங்கி, குறித்த இடைவெளியில் ஆய்வாளரிடம் காட்டிச் சீட்டில் பதிய வேண்டியிருந்தது. அந்தச் சீட்டு எப்போதோ போயிருக்கும். கேஸின் உள்பக்கம் இன்னும் இருக்கிறது. டைட்டானியம் கேஸுக்கு மாற்றிவிட்டால் இந்தப் பழையது எங்கே போகும்? பழைய உலோகக் கடைக்குத்தான்.

பல்சக்கரம்:
எனாமல் சார் சொல்ற வரலாறு சரி. ஆனா கேஸும் மெஷினும் பிரிக்கக் கூடாத ஜோடின்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அமெரிக்காவில வால்தம், எல்ஜின், இல்லினாய், ஹாமில்டன் எல்லாரும் ரொம்ப காலம் பெரும்பாலும் மெஷினைத்தான் செஞ்சாங்க. கேஸ் செய்யறது கீஸ்டோன், டியூபர், வாட்ஸ்வொர்த் மாதிரி வேற கம்பெனிங்க. நகைக் கடைக்குப் போனவர் மெஷின் ஒண்ணு, கேஸ் ஒண்ணு தனித்தனியா பொறுக்கி எடுப்பார், கடைக்காரர் அங்கேயே பொருத்திக் கொடுப்பார். 16 சைஸ், 18 சைஸ்னு அளவு வச்சதே அதுக்குத்தான். கேஸ் தேஞ்சா அந்த ரயில்வே ஆளே வேற கேஸ் வாங்கிப் போட்டுக்கிட்டார். நீலமுள் இப்ப செய்யப் போறதும் அதேதான், வார் மாட்டற கொக்கி மட்டும் புதுசு.

பாக்கெட் மெஷினைக் கையில கட்டறதும் நேத்து வந்த பழக்கம் இல்ல. ஐ.டபிள்யூ.சி.ங்கிற சுவிஸ் கம்பெனியோட போர்ச்சுகீசர் கைக்கடிகாரம் 1930-களோட கடைசியில எப்படி வந்தது? போர்ச்சுகல் வியாபாரிங்க ரெண்டு பேர் துல்லியமான பெரிய கைக்கடிகாரம் கேட்டாங்க, கம்பெனி தன்னோட ஹண்டர் (முகத்துக்கு மூடி உள்ள வகை) பாக்கெட் மெஷினை எடுத்துக் கையில கட்டற கேஸ்ல போட்டுக் கொடுத்தது. இன்னிக்கு அதை யாராவது அழிவு வேலைன்னு சொல்றாங்களா?

சாமியறையில பூட்டி வச்சா எண்ணெய் காஞ்சு மெஷின் கெடும். கட்டிக்கிட்டா சர்வீஸ் பண்ணுவோம், அது ஓடும். எனக்கு ஓடற வாட்ச்தான் வாட்ச்.

எனாமல்முகம்:
நீங்கள் சொல்லும் நகைக் கடைக் காலம் பழையது. 992பி வந்தது 1940-ல். அதற்குள் ஹாமில்டன் தன் தொழிற்சாலையிலேயே கேஸ் போட்டு, நேரம் சரிபார்த்து, முழு வாட்சாகப் பெட்டியில் வைத்து அனுப்பத் தொடங்கிவிட்டது. ஆகவே இந்த மாடலுக்கு உங்கள் வாதம் பொருந்தாது. 1905-ம் ஆண்டு வால்தம் பற்றிப் பேசினால் பாதி ஒத்துக்கொள்வேன்.

போர்ச்சுகீசரும் இங்கே பொருந்தாது. அதற்காக யாருடைய பழைய வாட்சையும் உடைக்கவில்லை. புது மெஷின், புது டயல், புது கேஸ். தொழிற்சாலையே செய்தது.

மேசைவிளக்கு:
மதுரையில வாட்ச் ரிப்பேர் வேலை பாக்குறேன். வரலாற்றை நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க, நான் மெஷினைப் பத்தி மட்டும் சொல்றேன்.

முதல் விஷயம் பேலன்ஸ் ஸ்டாஃப், அதாவது முன்னும் பின்னும் வீசி நேரத்தை அளக்குற பேலன்ஸ் சக்கரத்தோட அச்சு. அதோட ரெண்டு முனையும் மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு கனம்தான் இருக்கும். மேல கனமான பெரிய பேலன்ஸ் சக்கரம் சுத்துது. இன்னிக்கு வர்ற கைக்கடிகாரத்துல அடி விழுந்தா கல்லு ஸ்பிரிங்கோட சேந்து அசைஞ்சு கொடுக்கும், முனை தப்பிச்சிரும். இந்தப் பழைய ரயில்வே மெஷின்ல அந்த ஏற்பாடே கிடையாது. கை கதவு நிலையில இடிச்சாப் போதும், முனை ஒடிஞ்சிரும். ஒடிஞ்சா அந்த மாடலுக்கு உண்டான ஸ்டாஃப் தேடணும். கிடைக்கலைன்னா கடைசல் பிடிக்கணும், அது தெரிஞ்ச ஆள் இப்ப குறைவு.

ரெண்டாவது, இதை யாரும் சொல்லலை. விதி கேட்ட ஐந்து நிலை எது எது? டயல் மேல, டயல் கீழ, சாவி மேல, சாவி இடது, சாவி வலது. சாவி கீழ இருக்கிற நிலையை மட்டும் விட்டுட்டாங்க, ஏன்னா பாக்கெட்டுக்குள்ள வாட்ச் தலைகீழா நிக்காது. 992பி-ல ஆறாவதா அதையும் சரிபார்த்திருக்காங்க, ஆனா ஐந்தோட நிறுத்துன மெஷினா இருந்தா இது பெரிய விஷயம். இப்ப நீங்க அப்படி ஒரு ஐந்து நிலை மெஷினைத் திருப்பி வச்சு சாவியை 3 மணிக்குக் கொண்டு வந்து இடது கைல கட்டுறீங்க. கையைத் தொங்கவிட்டு நடந்தா சாவி எங்க பாக்கும்? தரையை. தொழிற்சாலைல யாரும் சரிபார்க்காத அதே நிலைலதான் வாட்ச் பாதி நாள் இருக்கும். சாவியை 12-லயே விட்டா கை தொங்குறப்ப சாவி பக்கவாட்டுல நிக்கும், அந்த நிலை சரிபார்த்தது. அதனால கட்டித்தான் தீருவேன்னா திருப்பாதீங்க.

திருப்புனா இன்னொரு வம்பும் இருக்கு, இது 992பி-க்கும் பொருந்தும். விநாடி முள் 6-ல இருந்து 9-க்குப் போயிரும். பழைய டயல் கோணலாயிரும், தூக்கிப் போட்டுட்டுப் புது டயல் அடிக்கணும். ஈபேல பாக்குற நெறைய வாட்ச் இப்படித்தான்.

நீலமுள்:
நிலை விஷயம் யோசிக்கவே இல்ல, நன்றி அண்ணே. நேரம் மாத்தற லீவரை என்ன செய்வாங்க?

மேசைவிளக்கு:
ரெண்டு வழி. நல்ல ஆளா இருந்தா முன் வளையம் திருகிக் கழட்டுற மாதிரி கேஸ் செய்வார், லீவர் அப்படியே இருக்கும். ஆனா மழைக்கும் வேர்வைக்கும் உள்ள போட்ட ரப்பர் வளையம் ஒவ்வொரு தடவை கழட்டுறப்பவும் தேயும். இன்னொரு வழி, லீவரை எடுத்துட்டு சாவியிலயே நேரம் மாத்துற மாதிரி உள்ள வெட்டி ஒட்டுறது. வெட்டுனது வெட்டுனதுதான், பழைய மாதிரி ஆக்க முடியாது. அந்த வேலைய நான் தொட மாட்டேன்.

பல்சக்கரம்:
மேசைவிளக்கு அண்ணன் சொல்றது மட்டமான வேலையைப் பத்தி. நல்லா செய்யறவங்களும் இருக்காங்க. கொலராடோவுல ஃபோர்ட் காலின்ஸ்ல வோர்டிக்னு ஒரு கம்பெனி. பழைய டயல், பழைய முள், பழைய மெஷின் எல்லாத்தையும் வச்சு, சாவியை 12-லயே விட்டு, கேஸ் மட்டும் புதுசா செய்யறாங்க. ஹாமில்டன் பெயரை இப்ப வச்சிருக்கிற சுவாட்ச் குழுமம் அவங்க மேல வழக்கே போட்டுது, டயல்ல எங்க பேர் இருக்கு, வாங்கறவங்க ஏமாறுவாங்கன்னு. 2020-ல நியூயார்க் நீதிமன்றம் வோர்டிக் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, 2021-ல மேல்முறையீட்டுலயும் அதுவே நின்னுது. பழைய மெஷின், புது கேஸ், செஞ்சது நாங்கன்னு வெளிப்படையா சொல்லித்தான் விக்கிறாங்க, யாரையும் ஏமாத்தலன்னு கோர்ட்டே ஏத்துக்கிட்டது.

எனாமல்முகம்:
வழக்கு வணிகப் பெயர் பற்றியது. வாங்குபவர் குழம்புவாரா என்பதுதான் அங்கே கேள்வி. ஒரு முழு வாட்சைப் பிரிக்கலாமா என்று யாரும் நீதிபதியிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேஸ் இல்லாத மெஷினுக்குப் புது வீடு கொடுத்தால் நானும் கைதட்டுவேன். நல்ல கேஸில் உட்கார்ந்திருப்பதைக் கிளப்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஸ்காபரோக்காரன்:
டொராண்டோவில இருந்து எழுதிறன். இஞ்சை பழைய சாமான் சந்தையளில கன வருசமா இந்த மெசினுகள் வாங்கிறன். கேஸ் இல்லாத மெசின் எண்டு எல்லாரும் சொல்லுறியள். அது ஆர்ரை கேஸ், ஏன் இல்லாமல் போனது எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

1980 ஜனவரியில தங்கம் அவுன்ஸ் 850 டொலருக்குப் போனது. வீட்டில கிடந்த தங்க வாட்ச் எல்லாம் உருக்குக் கடைக்குப் போச்சு. கேஸை எடுத்துக்கொண்டு மெசினைத் திருப்பித் தந்தவை, இல்லாட்டி ஒரு டப்பாவுக்குள்ளை எறிஞ்சவை. எந்த வாட்சுக்கு இது கூட நடந்திருக்கும்? தங்கம் கூட இருந்ததுக்கு. அது ஹண்டர் வாட்ச், முன்னுக்கும் பின்னுக்கும் மூடி உள்ளது. ரயில்வேக்காரன் நிக்கல் கேஸோ தங்கத் தகடு போத்தின கேஸோதான் கூடுதலா வைச்சிருந்தவன், மூடி உள்ளதை விதியே விடேல்லை. உருக்கிறவனுக்கு அதில என்ன லாபம்? அதாலைதான் ரயில்வே வாட்ச் இண்டைக்கும் முழுசாக் கிடைக்குது, ஹண்டர் மெசின் அநாதையாக் கிடக்குது.

இப்ப மேசைவிளக்கு அண்ணை சொன்னதைத் திருப்பிப் பாருங்கோ. ஹண்டர் மெசினில சாவி 3-ல, விநாடி முள் 6-ல. கைக்கடிகாரத்துக்கு எப்பிடி வேணுமோ அப்பிடியே பிறப்பிலை இருக்கு. பழைய டயலைத் திருப்பத் தேவையில்லை, மாத்தத் தேவையில்லை. கனக்க மெசினில நேரம் மாத்திறதும் சாவியிலைதான், லீவர் இல்லை. கைக்குப் போட வேணும் எண்டால் ரயில்வே வாட்சை விட்டிட்டு இதை எடுங்கோ.

பல்சக்கரம்:
இது நல்ல பாயிண்ட்டுதான், மறுக்கல. ஆனா ஒண்ணு கேட்கணும். நீலமுள்ளுக்குப் பிடிச்சது ரயில்வே வாட்ச். அந்த தடித்த எண், அந்த 992பி, அதோட கதை. வசதியா இருக்குன்னு வேற மெஷினைக் கட்டச் சொன்னா, அவர் ஆசைப்பட்டது எங்க? அந்த வாட்ச் அவர் கூட இருக்கணும்னு நினைக்கிறார். டிராயர்ல இருந்தா அதைப் பார்க்கவே மாட்டார். தினம் கையில பார்த்தா அந்தக் கிப்டன் கதையைப் பத்துப் பேருக்குச் சொல்வார்.

எனாமல்முகம்:
கதை சொல்லத்தான் வேண்டும் என்றால் அது ரயில்வேயின் கதையாகவே இருக்கட்டும். ரயில் நிர்வாகங்கள் கைக்கடிகாரத்தைப் பல பத்தாண்டுகள் ஏற்கவே இல்லை. 1960-களில் புலோவா அக்யூட்ரான் (பேலன்ஸுக்குப் பதில் மின்சாரத்தில் அதிரும் இசைக்கவையால் ஓடிய கைக்கடிகாரம்) போன்றவை வந்த காலத்தில்தான் அந்தக் கதவு பரவலாகத் திறந்தது. உள்ளே ஓடியது சக்கரமும் ஸ்பிரிங்குமாக இருந்த காலத்தில், கையின் ஆட்டமும் அடியும் நேரத்தைக் கெடுக்கும் என்று தெரிந்தே ஒதுக்கினார்கள். 992பி-யைக் கையில் கட்டிக்கொண்டு ரயில்வே வாட்ச் என்றால், எந்தக் காரணத்துக்காக அது ரயில்வே வாட்ச் ஆனதோ அதையே எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று, புதிதாக வாங்க வருகிறவர்களுக்காக. டயலிலோ கேஸிலோ ரயில் எஞ்சின் படம் பொறித்திருந்தால் அதை வைத்தே ரயில்வே தரம் என்று நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்திலேயே மலிவு வாட்சுகளில் எஞ்சின் படம் போட்டு விற்றார்கள். தரம் மெஷினில் இருக்கிறது. ஜூவல் எண்ணிக்கை, சரிபார்த்த நிலைகள், வரிசை எண் எல்லாம் அதில்தான் வெட்டியிருக்கும்.

நீலமுள்:
பின் மூடியைத் திறந்து பார்த்தேன். எனாமல் சார் சொன்ன கீறல் குறி மூணு நாலு விதமான கையெழுத்துல இருக்கு. மெஷினை கேஸோட பிடிச்சிருக்கிற திருகாணி ரெண்டு, அது அழுத்தின தடம் விளிம்புல ஒரே ஜோடிதான் தெரியுது. இதுக்கு என்ன அர்த்தம்?

மேசைவிளக்கு:
அந்த கேஸுக்குள்ள வேற மெஷின் உக்காரலைன்னு பெரும்பாலும் அர்த்தம் தம்பி. வேற மெஷின் இருந்திருந்தா பழைய தடம் தள்ளி இன்னொரு இடத்துல தெரியும். ரெண்டும் ஆரம்பத்துல இருந்தே சேர்ந்து இருந்திருக்கலாம்.

நீலமுள்:
அப்ப 992பி-யைப் பிரிக்கல. ஆயில் சர்வீஸ் மட்டும் பண்ணிட்டு, ஜீன்ஸ்ல இருக்கிற அந்தச் சின்னப் பாக்கெட்ல போட்டுப் பார்க்கிறேன். கைக்கு ஸ்காபரோ அண்ணன் சொன்ன ஹண்டர் மெஷின் தேடறேன். எதைப் பார்த்து வாங்கணும்?

பல்சக்கரம்:
உங்க வாட்ச், உங்க முடிவு. சின்னப் பாக்கெட்ல போட்டா செயின் மாட்டிக்குங்க, குனியறப்ப விழுந்தா அண்ணன் சொன்ன அதே ஸ்டாஃப்தான் ஒடியும். நல்ல ஆள்கிட்ட கொடுத்திருந்தா கையிலயும் அது பத்திரமா இருந்திருக்கும்னுதான் இப்பவும் சொல்வேன்.

ஸ்காபரோக்காரன்:
16 சைஸ் எண்டால் மெசினே 43 மில்லிமீட்டர், கேஸோடை 47, 48 வரும். உங்கட மணிக்கட்டு மெலிசு எண்டால் 12 சைஸ் பாருங்கோ, மெசின் 40-க்குக் கொஞ்சம் கீழை. எல்ஜின், வால்தம் ரெண்டிலயும் ஹண்டர் மெசின் தாராளமாக் கிடைக்கும். வரிசை எண்ணைக் கேட்டு வாங்குங்கோ, எந்த வருசத்து மெசின், எந்த கிரேட் எண்டு பதிவுகளில பாக்கலாம்.

மேசைவிளக்கு:
வாங்குறதுக்கு முன்னாடி வீடியோ கேளுங்க. மெஷினைப் படுக்க வச்சு டயல் மேல ஒரு தடவை, டயல் கீழ ஒரு தடவை. ரெண்டுலயும் பேலன்ஸ் ஒரே வேகத்துல தாராளமா வீசணும். ஒரு பக்கம் மட்டும் சோர்ந்து வீசுனா முனை தேஞ்சோ ஒடிஞ்சோ இருக்கலாம். டயலோட பின்பக்கம் இருக்கிற சின்னக் கம்பிக் கால் எல்லாம் இருக்கான்னு கேளுங்க, கால் ஒடிஞ்ச எனாமல் டயலைப் பசை வச்சு ஒட்டி வித்திருவாங்க. ஹேர்ஸ்பிரிங் (பேலன்ஸை வீச வைக்கிற மெல்லிய சுருள்) நீல இரும்பா இருந்தா, போன் கவர்ல இருக்கிற காந்தம் பக்கத்துல கொண்டு போகாதீங்க, சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வாட்ச் தாறுமாறா ஓடும்.

கேஸ் செய்யக் கொடுக்குறப்ப ஒண்ணு மட்டும் எழுதி வாங்கிக்கங்க: மெஷின்ல எதையும் வெட்டக் கூடாது, டயல் காலை அறுக்கக் கூடாது, கழட்டுற எல்லாத்தையும் திருப்பித் தரணும்.