செத்த வண்டை நடக்க வைக்கும் மகளுக்கு என்ன படங்கள் காட்டலாம்?

ஆனைமலைத் தோப்புக்காரர்:
வணக்கங்க. எங்களுக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்துவிடும் என்பதால் வாசனையால் வண்டை இழுத்து வாளியில் விழ வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருக்கிறோம். எட்டாவது படிக்கும் என் மகள், அந்த வாளியில் விழுந்து செத்த வண்டுகளை எடுத்துத் தேங்காய் மட்டைமேல் வைத்து, காலைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம் என்று போனில் எடுக்கிறாள். சேர்த்து ஓட்டினால் வண்டு மட்டை ஏறி, உச்சியில் நின்று, கொம்பைத் தூக்கி அண்ணாந்து பார்க்கிறது! பத்து விநாடிதான். அதைப் பார்த்த பிறகு பொறியைக் கழுவப் போனவன், முதல் தடவையாக ஒரு வண்டைப் புரட்டி, அடிவயிற்றில் இருக்கும் செம்பட்டை மயிரைப் பார்த்தேன். இத்தனை வருடமும் வெட்டுப்பட்ட ஓலையைத்தான் பார்த்திருக்கிறேன், வண்டைப் பார்த்ததில்லை.

அம்மா, "செத்த பூச்சியோட என்ன விளையாட்டு" என்கிறார். பாப்பாவுக்கு எந்தப் படங்களைக் காட்டலாங்க?

பீளமேடு அனிமேட்டர்:
அண்ணா, உங்கள் அம்மாவிடம் ஸ்டாரெவிச் கதையைச் சொல்லுங்கள். லிதுவேனியாவில் அருங்காட்சியக வேலையில் இருந்தவர். வண்டுச் சண்டையைப் படம்பிடிக்கப் பார்த்தார். விளக்கைப் போட்டதும் வண்டுகள் அசையாமல் நின்றுவிட்டன. உடனே செத்த வண்டுகளுக்குக் கம்பியும் மெழுகும் வைத்துக் கால் பூட்டி, ஒவ்வொரு படமாக எடுத்தார். 1912இல் வந்த அவருடைய 'ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்' முழுக்கப் பூச்சிகள்தான். பாப்பா யாரும் சொல்லாமலே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

அடுத்து லோட்டே ரைனிகர். கறுப்பு அட்டையைக் கத்தரித்து, கை கால் மூட்டுகளைக் கம்பியால் பூட்டி, 1926இல் ஒரு முழுநீளப் படமே எடுத்த ஜெர்மன்காரர். தோல்பாவைக்கூத்து பார்த்த கண்ணுக்கு உடனே பிடித்துவிடும்.

மூன்றாவதை நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். 1977இல் ஈம்ஸ் தம்பதியர் முடித்த 'பத்தின் அடுக்குகள்'. சிகாகோ பூங்காவில் படுத்திருக்கும் ஒருவரிடமிருந்து கேமரா விலகுகிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை தூரம் பத்து மடங்கு. விண்மீன் மண்டலங்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, அவர் கைத்தோலுக்குள் இறங்கி அணுவரை போகிறது. ஒன்பது நிமிடம்தான். முடிந்ததும் நான் என் கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வண்டைப் புரட்டிப் பார்த்தீர்களே, அதேதான். நம்முடைய அளவையும் வேகத்தையும் விட்டு வெளியே வந்தால்தான் சில விஷயங்கள் கண்ணுக்கே படும்.

போனில் எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), ஃபோகஸ் இரண்டையும் தானாக மாறாதபடி லாக் செய்யச் சொல்லுங்கள். வெயிலில் எடுத்தால் மேகம் மறைக்கும்போதெல்லாம் படம் மினுக்கும். அறைக்குள் ஒரே எல்இடி விளக்கு போதும். விநாடிக்கு 12 படம் கணக்கு.

வெரைட்டிஹால் ரோட்டுக்காரர்:
நம்ம ஊர் சாமிக்கண்ணு வின்சென்ட்டையும் பாப்பாவுக்குச் சொல்லுங்க. ரயில்வே வேலையை விட்டு, 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டியவர். 1914இல் கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் பெயரில்தான் எங்கள் ரோடே இருக்கிறது. சினிமா என்றால் எங்கோ தூரத்தில் நடப்பது என்று அவள் நினைக்கக் கூடாது.

ஆனைமலைத் தோப்புக்காரர்:
ரொம்ப நன்றிங்க. ரைனிகர் படத்தில் கொஞ்சம் பார்த்ததுமே கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்துவிட்டாள். காலண்டர் அட்டை தாங்குங்களா?

பீளமேடு அனிமேட்டர்:
தாராளமாகத் தாங்கும். கண்ணாடிக்கு அடியில் விளக்கு, நடுவில் ஒரு டிரேசிங் தாள், மேலே அட்டை உருவம், அதற்கு நேர் மேலே போன். போன் மட்டும் ஆடக் கூடாது.